நீ எங்கள் பிள்ளையான கதை

தாம் பிறந்த கதையைக் கேட்பதில் குழந்தைகளுக்கு அலுப்பே வருவதில்லை. "நீ பிறந்த அன்று நல்ல மழை. அப்பா வேலைக்காட்டில் இருந்தார். பாட்டிதான் உன்னை முதலில் தூக்கினார்" என்று அம்மா நூறு முறை சொல்லியிருப்பார். நூற்றோராவது முறையும் குழந்தை கேட்கும். தான் இந்த வீட்டைச் சேர்ந்தவன், தன் வருகைக்காக இவர்கள் காத்திருந்தார்கள் என்ற உறுதியை அக்கதை அதற்குத் தருகிறது.

தத்தெடுக்கப்பட்ட குழந்தைக்கும் இப்படியொரு கதை உண்டு. ஆனால், அது வேறோர் இடத்தில் தொடங்குகிறது. அதில் இன்னொரு தாய் இருக்கிறார்; ஒரு பிரிவும் இருக்கிறது. அதைக் குழந்தையிடம் யார் சொல்வது? எப்போது சொல்வது? எந்தச் சொற்களால் சொல்வது? வளர்க்கும் பெற்றோர் பலரைத் தூங்கவிடாத கேள்விகள் இவை. அவற்றுக்கு நம் நாட்டு வரலாறும் நம் இலக்கியமும் தரும் விடைகளை இப்பகுதியில் காண்போம்.

சொல்லிலேயே இருக்கும் கதை

'தத்தம்' என்னும் வடசொல்லுக்குக் 'கொடுக்கப்பட்டது' என்று பொருள். அதிலிருந்து வந்ததே 'தத்து'. அதனோடு நாம் 'எடுத்தல்' என்பதைச் சேர்த்துத் 'தத்தெடுத்தல்' என்கிறோம். ஆக, ஒருவர் கொடுத்தார், இன்னொருவர் எடுத்துக்கொண்டார் என்ற இரண்டு செயல்களும் இந்த ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. பிள்ளையைக் கொடுப்பதும் பெற்றுக்கொள்வதும் உண்மையாகவே நடந்திருக்க வேண்டும். இல்லையேல் அந்தத் தத்து செல்லாது.

நம் வீடுகளில் இன்னொரு வழக்கும் உண்டு. சேட்டை செய்யும் பிள்ளையைப் பார்த்து, "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று கேலி செய்வார்கள். இந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு பழைய துயரம் இருக்கிறது. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன குடும்பங்களில், புதிதாகப் பிறந்த குழந்தையை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சிறிது தவிட்டை விலையாகத் தந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். 'இது எங்கள் பிள்ளையன்று' என்று எமனை ஏமாற்றும் முயற்சி அது. சொந்தப் பிள்ளைக்கு இந்தக் கேலி வெறும் விளையாட்டு. தான் எங்கிருந்து வந்தோம் என்று தெரியாமல் உள்ளுக்குள் தவிக்கும் பிள்ளைக்கு அதே சொல் முள்ளாகக் குத்தும். கேட்பவரின் நிலையைப் பொறுத்து ஒரே சொல் இருவேறு பொருள் தருகிறது.

தோட்டங்களில் வளர்ந்த மகள்கள்

சிரம்பானை ஒட்டியுள்ள ரஹாங் போன்ற இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளே மிகுதி. ஆனால், சில தலைமுறைகளுக்கு முன்பு நெகிரி செம்பிலானில் பால்மரக் காடுகளும் லயத்து வீடுகளும் பரவிக் கிடந்தன. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள் தங்கள் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். அக்கால மலாயாவின் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் சில, சீனப் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தன.

இதற்குப் பல காரணங்கள் இருந்தன. வறுமையில் வாடிய சீனக் குடும்பங்களில் பிள்ளைகள் அதிகம். ஆண் குழந்தைக்கே முதலிடம் தரும் வழக்கமும் இருந்தது. பிறந்த நேரம் பெற்றோருக்கு ஆகாது என்ற சோதிட நம்பிக்கையாலும் சில பெண் குழந்தைகள் கைமாறின. 1941 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் படையெடுப்பும் ஆட்சியும் பசியையும் மரணத்தையும் கொண்டுவந்தன. சீனர்கள் பலர் கொல்லப்பட்டனர். தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். குடும்பங்கள் சிதறின. தங்களுக்கே அரிசி கிடைக்காத அந்தக் காலத்திலும் பிறர் பிள்ளைக்குக் கஞ்சியைப் பகிர்ந்தளித்த வீடுகள் உண்டு.

அப்படி வளர்ந்த பெண்கள் தமிழ் பேசினார்கள், சேலை உடுத்தினார்கள், பொட்டு வைத்தார்கள், பொங்கல் பொங்கினார்கள். பலர் தமிழ்க் குடும்பங்களிலேயே மணமுடித்து, இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். இவர்களின் பெற்றோருக்கு, மறைத்துவிடலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. முகமே கதையைச் சொல்லிவிட்டது. கடைத்தெருவிலும் பேருந்திலும் பள்ளியிலும், "இந்தச் சீனப் பிள்ளை யார்?" என்ற கேள்வி எழுந்துகொண்டே இருந்திருக்கும். "என் மகள்" என்பது ஒரு பதில். "பாவம், எடுத்து வளர்க்கிறோம்" என்பது இன்னொரு பதில். இரண்டையும் பக்கத்தில் நிற்கும் சிறுமி கேட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் பதில் அவளுக்கு வீட்டைத் தருகிறது. இரண்டாவது பதில் அவளை வாசற்படியிலேயே நிறுத்திவிடுகிறது.

பிறர் வாயிலிருந்து கேட்ட மகன்

பெற்றோர் சொல்லாத கதையை ஊர் சொல்லும். ஊர் சொல்லும்போது அது எப்படி இருக்கும் என்பதற்கு மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதை சான்று. சாலி என்பவள் தான் பெற்ற குழந்தையை ஒரு தோட்டத்தில் விட்டுச் சென்றாள். ஒரு பசு ஏழு நாள் பால் சுரந்து அக்குழந்தையைக் காத்தது. அவ்வழியே வந்த இளம்பூதி என்ற அந்தணர் அதைத் தம் மகனாக ஏற்று, கல்வியெல்லாம் கற்பித்து வளர்த்தார்.

வளர்ந்த பிள்ளை, வேள்விக்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்த பசுவைக் கண்டு மனமிரங்கி அதை விடுவிக்க முயன்றான். அவன்மேல் சினம் கொண்டவர்கள் உடனே அவன் பிறப்பைக் கையில் எடுத்தார்கள். பசுவின் மகன் என்று இகழ்ந்தார்கள். அவன் தாயைப் பற்றியும் இழிவாகப் பேசினார்கள். ஆபுத்திரன் கலங்கவில்லை. விலங்குகளுக்குப் பிறந்ததாகச் சொல்லப்படும் முனிவர்களை எடுத்துக்காட்டி, பிறப்பால் ஒருவர் தாழ்வதில்லை என்று வாதிட்டான். ஆனால், ஊர்ப்பழிக்கு அஞ்சிய வளர்ப்புத் தந்தை அவனை வீட்டைவிட்டே விலக்கினார். பின்னர் மதுரை சென்ற ஆபுத்திரன், அமுதசுரபியைப் பெற்று உலகத்தின் பசி தீர்த்தான்.

இக்கதையில் நம்மை வருத்துவது எது? கேலி செய்தவர்களின் சொல் கொடியதுதான். அதைவிடக் கொடியது, தந்தையின் விலகல். "ஆம், இவன் இப்படித்தான் எங்களிடம் வந்தான், இவன் என் மகன்" என்று இளம்பூதி சபையில் சொல்லியிருந்தால் அந்தக் கேலி அங்கேயே வலுவிழந்திருக்கும். பெற்றோர் முன்னதாகவே சொல்லி, பிறகும் கூடவே நிற்கும் கதையை வைத்து எவரும் பிள்ளையை அச்சுறுத்த முடியாது.

இரண்டு தாய்மாரின் குரல்

கண்ணனைப் பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. பெரியாழ்வார் யசோதையாகவே மாறி, குழந்தைக் கண்ணனைத் தாலாட்டி, நீராட்டி, பூச்சூட்டிப் பாடினார். வளர்ப்புத் தாயின் அன்பைத் தமிழில் இவ்வளவு விரிவாகப் பாடியவர் அரியர். குலசேகர ஆழ்வாரோ தேவகியின் பக்கம் நின்றார். தான் பெற்ற பிள்ளையைத் தாலாட்டவும் அவன் மழலையைக் கேட்கவும் முடியாமல் போன தாயின் புலம்பலை அவர் பாடினார். ஒருத்தியைப் போற்ற மற்றவளைப் பழிக்க வேண்டிய தேவை ஆழ்வார்களுக்கு ஏற்படவில்லை.

வளர்க்கும் பெற்றோர் கற்க வேண்டிய பாடம் இதில் உள்ளது. "உன்னைப் பெற்றவள் உன்னை வேண்டாமென்று வீசிவிட்டாள்" என்று சொல்லும்போது, தங்கள் அன்பு உயர்ந்து தெரியும் எனச் சிலர் எண்ணலாம். ஆனால், குழந்தை அதைத் தன்னைப் பற்றிய தீர்ப்பாகவே கேட்கும். 'வீசத்தக்க பிள்ளை நான்' என்று அது புரிந்துகொள்ளும். பெற்ற தாய்க்குக் கதையில் மரியாதையான இடம் தருவது, அந்தப் பிள்ளைக்குத் தரும் மரியாதை.

மறைத்த காலமும் தேர்ந்தெடுத்த கதையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலைநாடுகள் பலவற்றில் தத்தெடுப்பு இரகசியமாகவே காக்கப்பட்டது. பிறப்பு ஆவணங்கள் முத்திரையிடப்பட்டன. இந்தக் காலத்திலேயே வேறுவிதமாகச் சொல்ல முயன்றவர்களும் இருந்தனர். 1939இல் அமெரிக்காவில் வாலன்டினா வாசன் எழுதிய, 'தேர்ந்தெடுத்த குழந்தை' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட சிறுவர் நூல் பல வீடுகளில் வாசிக்கப்பட்டது. "மற்ற பெற்றோருக்குக் கிடைத்தது எதுவோ அதுதான். நாங்களோ உன்னைத் தேர்ந்தெடுத்தோம்" என்று சொல்லும் பழக்கம் பரவியது.

கேட்க இனிமையான கதைதான். ஆனால், அதில் ஒரு பாதி விடுபட்டுவிடுகிறது. ஒருவர் தேர்ந்தெடுக்குமுன் இன்னொருவர் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்பது வளரும் குழந்தைக்கு ஒருநாள் விளங்கும். 'தேர்ந்தெடுத்தார்கள் என்றால், நான் நன்றாக இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்களா?' என்ற அச்சமும் எழலாம்.

1964இல் சமூகவியல் அறிஞர் டேவிட் கிர்க் எழுதிய நூல் இச்சிந்தனையில் ஒரு திருப்பத்தைக் கொண்டுவந்தது. அவரே தத்துப் பிள்ளைகளின் தந்தை. 'எங்கள் குடும்பமும் மற்றக் குடும்பங்களும் ஒன்றேதான்' என்று வேறுபாட்டை மறுக்கும் பெற்றோரைவிட, 'எங்கள் குடும்பம் உருவான விதம் வேறு' என்று ஒப்புக்கொள்ளும் பெற்றோரே பிள்ளையின் உள்ளத்தை நெருங்க முடியும் என்று அவர் வாதிட்டார். குழந்தை பெற முடியாத தங்கள் இழப்பையும், பெற்றோரைப் பிரிந்த குழந்தையின் இழப்பையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது எளிதாகும்.

ஒரே நாளில் சொல்லி முடியாது

மணிரத்னம் இயக்கிய 'கன்னத்தில் முத்தமிட்டால்' திரைப்படம் 2002இல் வெளிவந்தது. அதில் அமுதா என்ற சிறுமியின் ஒன்பதாவது பிறந்த நாளன்று, அவள் தத்துப் பிள்ளை என்பதைப் பெற்றோர் சொல்கின்றனர். அதுவரை துள்ளித் திரிந்த சிறுமியின் உலகம் ஒரே நாளில் ஆட்டங்காண்கிறது. சொன்ன செய்தி உண்மைதான். சொன்னவர்களின் அன்பும் உண்மைதான். ஆனாலும், ஒன்பது ஆண்டுகள் பூட்டி வைத்ததை ஒரே நாளில் திறந்ததால் அது இடியாக இறங்குகிறது.

குழந்தை எப்போது எதைப் புரிந்துகொள்ளும் என்பதை 1980களில் அமெரிக்க உளவியலாளர் டேவிட் பிராட்சின்ஸ்கியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். மிகச் சிறிய குழந்தை 'தத்து' என்ற சொல்லைச் சொல்லும். அதன் பொருளை உணராது. ஏறத்தாழ எட்டு வயதுக்குப் பிறகே, தன்னை ஒருவர் விட்டுக்கொடுத்தார் என்பது அதற்கு உறைக்கத் தொடங்குகிறது. அதுவரை மகிழ்ச்சியாகக் கேட்ட கதையை அப்போது அது வருத்தத்தோடு கேட்கலாம். சொன்னது தவறு என்பதற்கு அது அடையாளமன்று. புரிந்துகொள்ளும் ஆற்றல் வளர்ந்ததற்கே அடையாளம்.

எனவே, கதை குழந்தையோடு சேர்ந்து வளர வேண்டும். மூன்று வயதில் ஒரு குழந்தை, "அம்மா, நான் உங்கள் வயிற்றிலா இருந்தேன்?" என்று கேட்டால், "இல்லை கண்ணு, நீ வேறோர் அம்மா வயிற்றில் இருந்தாய். பிறகு நம் வீட்டுக்கு வந்தாய். அப்பாவும் நானும் உன்னை அழைத்து வரப் போனோம்" என்பது போதும். எட்டு வயதில், "அவர் ஏன் என்னைக் கொடுத்தார்?" என்ற கேள்வி வரும். தெரிந்ததைச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால், "அது எங்களுக்கும் தெரியாது அம்மா. தெரிந்துகொள்ள வேண்டுமென்று உனக்குத் தோன்றினால் நாங்கள் கூட இருப்போம்" என்று சொல்ல வேண்டும். இல்லாததைப் புனைந்து சொன்னால், அது பொய்யென்று தெரியும் நாளில் மற்ற உண்மைகளும் நம்பிக்கை இழக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. "உன்மீது மிகுந்த அன்பு இருந்ததால்தான் அவர் உன்னைக் கொடுத்தார்" என்று சொல்வது ஆறுதலாகத் தோன்றலாம். 'நீங்களும் என்மீது அன்பு வைத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்களும் கொடுத்துவிடுவீர்களா?' என்று பிஞ்சு உள்ளம் கணக்குப் போடும். "ஒரு குழந்தையை வளர்க்கும் நிலையில் அவர் அப்போது இல்லை. அதற்கு நீ செய்த தவறு எதுவுமில்லை" என்பதே நேரான சொல். அதேபோல், "உனக்கு எவ்வளவு செய்திருக்கிறோம்" என்று நன்றியைக் கேட்பதும் கூடாது. நன்றிக்கடன் பட்டவர் விருந்தாளி ஆகலாம். பிள்ளை ஆவதற்குக் கடன் இருக்கக் கூடாது.

ஊரறிய ஒரு பிள்ளை

நெகிரி செம்பிலானின் மலாய் மக்கள் பின்பற்றும் அடாட் பெர்பாதே மரபில், தாய்வழியே பன்னிரண்டு குலங்கள் உள்ளன. வெளியாள் ஒருவரைக் குலத்துக்குள் ஏற்றுக்கொள்ளும் சடங்குக்குப் 'பெர்கெடிம்' என்று பெயர். குலத் தலைவர்கள் முன்னிலையில், விருந்து வைத்து, ஊரறிய அது நடைபெறும். அந்த நாள் முதல் அவர் அக்குலத்தவர். மறைவாக நடந்தால் அது ஏற்பாகாது. நம் பக்கத்து வீட்டாரின் இம்மரபும், கொடுத்தலும் எடுத்தலும் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்ற நம் மரபும் ஒரே உண்மையைச் சொல்கின்றன. குடும்பம் ஆவது வெளிச்சத்தில் நடக்க வேண்டிய செயல்.

சட்டமும் அதையே கோருகிறது. நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதோர், 1952ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்ற ஆணை பெறலாம். ஆணை கிடைக்குமுன் குழந்தை குறைந்தது மூன்று மாதங்கள் தொடர்ந்து அவர்களின் பராமரிப்பில் இருக்க வேண்டும். அதே ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் பொருந்தும். அதன்படி பதிவதற்கு இரண்டு ஆண்டுப் பராமரிப்பு தேவை. ஆனால், அன்பு ஒன்றே போதும் என்று வாய்ப்பேச்சோடு பிள்ளையை வாங்கி வளர்த்தவர்களும் உண்டு. அத்தகைய வீட்டில், பன்னிரண்டு வயதில் மைகார்டு எடுக்கும் நாள்தான் உண்மை வெளிப்படும் நாளாகிவிடும். பதிவு அலுவலகத்தின் முகப்பில் நின்று, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து தன் கதையைக் கேட்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. முறையான ஆவணமும் பெற்றோர் சொல்லும் உண்மையும் சேர்ந்தே பிள்ளைக்குப் பாதுகாப்பாகும்.

நம் வகுப்பிலும் தத்துப் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களிடம், "உன் உண்மையான அம்மா யார்?" என்று கேட்பது அறியாமை. இரவில் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் கைவைத்துப் பார்த்தவர் பொய்யான அம்மாவாக இருக்க முடியாது. நண்பர் தாமாகச் சொன்னால் கேட்போம். சொன்னதை நான்கு பேரிடம் பரப்பாதிருப்போம். அந்தக் கதை அவருக்குச் சொந்தமானது.

திருவில்லிபுத்தூரில் துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து, கோதை என்று பெயரிட்டு வளர்த்ததாக வைணவ மரபு கூறும். அவளே ஆண்டாள். தன் பாடல்களின் இறுதியில் அவள் தன்னை அடையாளம் காட்டும்போது, அந்தத் தந்தையின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்தே சொல்கிறாள். எவரும் கேட்டுச் சொன்னதன்று. அவளே பெருமையோடு சொன்னது. பெற்றோர் அன்போடும் உண்மையோடும் சொல்லிவந்த கதை, ஒருநாள் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரும். அன்று முதல் அதைத் தன் குரலில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைதான்.

கருத்துணர் கேள்விகள்

1. 'தத்தெடுத்தல்' என்ற சொல்லில் அடங்கியுள்ள இரண்டு செயல்கள் யாவை?

2. மலாயாவில் தமிழ்க் குடும்பங்களிடம் சீனப் பெண் குழந்தைகள் வளர்ந்ததற்கான காரணங்களில் மூன்றினை எழுதுக.

3. "என் மகள்", "பாவம், எடுத்து வளர்க்கிறோம்" ஆகிய இரு பதில்களும் குழந்தையின் உள்ளத்தில் ஏற்படுத்தும் விளைவுகளை ஒப்பிடுக.

4. ஆபுத்திரனின் வளர்ப்புத் தந்தை சபையில் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? உன் கருத்தைக் காரணத்துடன் விளக்குக.

5. "அன்பு இருந்ததால்தான் கொடுத்தார்" என்று சொல்வது ஏன் பொருத்தமற்றது எனக் கட்டுரையாளர் கருதுகிறார்?

6. உன் தாத்தா, பாட்டி அல்லது தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவரிடம் அக்காலத்தில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த முறை பற்றிக் கேட்டறிந்து, எவருடைய பெயரையும் குறிப்பிடாமல் ஒரு பத்தி எழுதுக.